சேவல் சொன்ன பெயர்

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் கோடு எழுதியவர்கள் மூன்று பேர். நான், கர்ணன், சுரேஷ்கண்ணன். தேனியில் ஒரு சாக்குக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே ஏலக்காய்க்குச் சாக்கு உதறினால் மேலே நாங்கள் தும்முவோம். முதலாளி ஞானசிகாமணி அதே மாடியில் முன்பு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். காலம் மாறியதும் மெஷின்களை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தனியார் பஸ்களில் சீட் முன்பதிவு செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றைச் சென்னையில் ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியைப் பிடித்து எங்களிடம் கொடுத்தார்.

நான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினமும் வருவேன். கம்பத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தேனிக்கு ஒரு பஸ். திருப்பூருக்கு வேலைக்குப் போன என் புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அம்மா அன்னத்தாய் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். தோட்ட வேலை கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எம்.சி.ஏ. படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கடைசியில் இவளும் குலை வெட்டுகிற கத்தரியைத் தூக்கிக்கொண்டு பந்தல் அடியில்தான் வந்து நின்றாள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் ஆபீஸ் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்குக் கிடையாது.

ஞானசிகாமணி அண்ணன் வாங்கியிருந்த நெட் இணைப்பு நடு ராத்திரி தாண்டியதிலிருந்து காலை வரைக்கும் இலவசம். பகலில் ஓடினால் மீட்டர் ஓடும். ஒரு மாதம் கர்ணன் பகலிலேயே ஒரு முழுப்படத்தை இறக்கிவிட்டான். பில்லைப் பார்த்த அண்ணன் அன்றே சட்டம் போட்டுவிட்டார். பகலில் சென்னையோடு சாட்டில் பேசிக்கொள்ளலாம், எழுத்துத்தானே. கோடு கோப்பு எதையும் பகலில் சென்னை சர்வருக்கு ஏற்றக்கூடாது. ஒரு கோடு கோப்பு அவர் பேரனின் போட்டோவைவிடச் சின்னது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சட்டம் மட்டும் மாறவில்லை.

அதனால் எங்கள் நடைமுறை இப்படி ஆகிவிட்டது. பகல் பூராவும் எழுதியதைச் சாயங்காலம் ஆபீசுக்குள் இருக்கிற பொது ஃபோல்டரில் நானும் கர்ணனும் போட்டுவிட்டு பஸ் பிடிப்போம். சுரேஷ்கண்ணன் ராத்திரி ஆபீசிலேயே படுத்துக்கொள்வான். விடியற்காலையில் எழுந்து, பல் விளக்குவதற்கு முன்னால், மூன்று பேர் வேலையையும் தன் லாகினிலிருந்து சென்னை சர்வரில் ஏற்றிவிடுவான். எங்களுக்கும் முதல் நாளே தனித்தனி லாகின் கொடுத்திருந்தார்கள். நான் என்னுடையதை ஒரு வாரம் பயன்படுத்தியதோடு சரி. யார் லாகினில் ஏறினால் என்ன, வேலை போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தோம். ஊரில் நாலு வீட்டுத் தேங்காயை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிற மாதிரிதான்.

அப்புறம் அந்தச் சேவல் வந்தது.

சென்னையில் எங்கள் மேனேஜர் தமிழ்மாறன். முகம் பார்த்ததில்லை, சாட்டிலும் போனிலும்தான் பழக்கம். கெட்டவர் இல்லை, வேகமானவர். 2010 பொங்கல் கழிந்ததும் டீம் சாட் ரூமில் ஒரு ஏற்பாடு செய்தார். யாராவது சர்வரில் கோடு ஏற்றினால் அடுத்த நொடி சாட் ரூமில் தானாக ஒரு வரி விழும். ஏற்றியவர் பெயர், எந்தக் கோப்பு, என்ன மாற்றம் என்று. தேனி கரண்ட் இல்லாத ஊர் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, அதே வரி எங்கள் செல்போனுக்கும் எஸ்.எம்.எஸ்ஸாக வரும்படி செய்துவிட்டார். ஒரு டீம் என்றால் யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று எழுதினார். நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்லவில்லை.

விடியற்காலையில் அம்மா அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் என் தலைமாட்டில் போன் டிங் டிங் என்று அடிக்கும். சுரேஷ்கண்ணன், சுரேஷ்கண்ணன், சுரேஷ்கண்ணன். முந்தின நாள் நான் தலையை உடைத்துக்கொண்டு எழுதியது அவன் பெயரில் வந்து விழும். கர்ணன்தான் அதற்குச் சேவல் என்று பெயர் வைத்தான். தேனிக்கு மட்டும் விடிந்தால் கூவுகிறது, சென்னைக்காரர்களுக்கு நாளெல்லாம் கூவுகிறது என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாதான் எரிச்சல்பட்டாள், நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க விடாத போன் என்று.

ஒரு மாதம் போனதும் சாட் ரூமில் தமிழ்மாறன் சுரேஷைப் பாராட்டி எழுதினார். ஊர் தூங்கும்போது வேலை செய்கிற ஒரு பையன் நம்மிடம் இருக்கிறான், எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. எங்கள் மாடியில் மூன்று பேரும் அந்த வரியை ஒரே நேரத்தில் படித்தோம். சுரேஷின் காது சிவந்துவிட்டது. நன்றி சார் என்று மட்டும் தட்டினான். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, சாரிடம் பிறகு விளக்கமாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். சின்னப் பையன், அப்பா இல்லாதவன், முதல் பாராட்டு. சரி, சொல்வான் என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்கிற கோளாறு வந்தது. கோடை விடுமுறை, பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிற சமயம். கைக்குழந்தையோடு ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும் ஒரே நம்பர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், கண்டக்டர் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவார். சென்னையில் தினமும் புகார். சீட்டைப் பிடித்துவைக்கிற பகுதி எங்களுடையது, அதிலும் அது நான் எழுதியது. பல நாள் அதிலேயே கிடந்தேன். பஸ்ஸில் கண்ணை மூடினாலும் சீட் நம்பர்தான் ஓடும். கடைசியில் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்டால் இருவருக்கும் சரி என்று சொல்லிவிடுகிற ஓர் இடம். சரிசெய்து, சோதித்துப் பார்த்து, ஃபோல்டரில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் சுரேஷ் லீவு.

வீரபாண்டித் திருவிழா. சுரேஷுக்கு வீரபாண்டிதான் சொந்த ஊர். அக்கினிச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டிவிட்டான். திருவிழா முடிகிறவரை ஆபீசுக்கு வரமாட்டான், போனையும் அணைத்து வைத்துவிட்டான். அவன் மெஷின் பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். என் பழைய லாகினைப் போட்டுப் பார்த்தேன், காலாவதியாகிவிட்டது என்று வந்தது. சென்னையில் சொல்லி அதைத் திறக்கச் சொல்லுங்கள் என்று ஞானசிகாமணி அண்ணனிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, ஆளுக்கொரு நெட் லைன் இருக்குன்னு நான் அங்கன சொல்லி வச்சிருக்கேன். ஒன் லாகின இத்தனை நாளா ஏன் தொறக்கலன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சாமி கும்பிட்டு வந்துருவான், பொறு. அதுக்குள்ள பஸ்ஸு கவுந்துறாது" என்றார்.

பஸ் கவிழாதுதான். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிய என் பஸ்ஸும் கவிழவில்லை, வீரபாண்டியில் நகராமல் நின்றது. ரோட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மஞ்சள் புடவைகளும் வேப்பிலையும் புகையுமாக இருந்தது. வண்டி இப்போதைக்கு நகராது என்று கண்டக்டர் சொன்னதும் இறங்கிவிட்டேன். சுரேஷைப் பிடித்துப் பாஸ்வேர்டைக் கேட்டுவிடலாம், அண்ணனுக்குத் தெரியாமல் நானே ஏற்றிவிடலாம் என்று ஒரு எண்ணம். அவன் பெயரில்தான் ஏறும், ஏறட்டும். அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு ஒரு சீட் கிடைத்தால் போதும் என்றுதான் அப்போது இருந்தது.

ஆற்றிலிருந்து வருகிற வரிசையில் அவனைக் கண்டுபிடித்தேன். ஈர வேட்டி, கழுத்தில் மாலை, இரண்டு கைக்கு நடுவில் எரிகிற சட்டி. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் அவன் அம்மா பஞ்சம்மாள் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே வந்தாள். ஆபீசில் கூட வேலை பார்க்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, நீயும் அந்த ஆபீசா? அங்கன எல்லா வேலையும் எம்மகன்தான் பாக்குறானாம்ல. மெட்ராசுல இருந்தே சொன்னாகளாம். அங்கனயே வேலை போட்டுக் குடுக்கணும்னுதான் ஆத்தாளுக்குச் சட்டி எடுக்குறான்."

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? கையில் தீயோடு நிற்கிறவனிடம் பாஸ்வேர்டு கேட்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. பஞ்சம்மாள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அந்த வெயிலில் திரும்பி நடந்து வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை.

அந்த வாரம் பூராவும் தேனிக்குச் சேவல் கூவவில்லை. அம்மா நிம்மதியாகக் காப்பி குடித்தாள். சென்னையில் தமிழ்மாறன் சாட் ரூமில் எழுதினார், சுரேஷ் லீவு போட்டால் தேனியே படுத்துவிடுகிறதா, மற்ற இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்று. நான் எழுத ஆரம்பித்தேன். அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லாம் தயாராக இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். நான் எழுதியது எனக்கே சாக்குப்போக்கு மாதிரிதான் இருந்தது.

காப்பை அவிழ்த்துவிட்டு சுரேஷ் வந்த மறுநாள் விடியற்காலை என் போன் அடித்தது. சுரேஷ்கண்ணன், ஒரே சீட் இருவருக்கு விற்கும் கோளாறு, சரிசெய்யப்பட்டது. அன்றே சென்னையில் அதைப் பஸ்களுக்கு விட்டார்கள், புகார் நின்றது. சாட் ரூம் பூராவும் கைதட்டல். ஒரு வாரமாக எங்கள் எல்லாரையும் சாகடித்ததை லீவிலிருந்து வந்த பையன் ஒரே காலையில் முடித்துவிட்டான் என்று தமிழ்மாறன் எழுதினார். சுரேஷ் அதைப் படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான். கை விரல் நுனியெல்லாம் சட்டிச் சூட்டில் கொப்புளம். நான் அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு என் திரைக்குத் திரும்பினேன்.

மாசக் கடைசியில் ஞானசிகாமணி அண்ணனுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. வேலை குறைந்துவிட்டது, தேனி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறார்கள். சுரேஷ்கண்ணனை மட்டும் சென்னைக்கு நேரடியாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். கர்ணன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் அண்ணன் போடியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், அவனுக்குப் போக்கிடம் இருந்தது.

எனக்கு இல்லை. முதல் தடவையாக அண்ணனைக் கேட்காமல் தமிழ்மாறனுக்கு நேராக எழுதினேன், என் லாகின் காலாவதியாகிவிட்டது, திறந்து தாருங்கள் என்று. அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் திறந்துவிட்டார். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் ஒரு வாரம் பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு போனார்கள்.

சீட் கோளாறை முடித்த கையோடு நான் எழுதி வைத்திருந்த பகுதிகள் நிறைய. டிக்கெட் ரத்து, பணம் திருப்புவது, பெண்கள் சீட்டுக்குப் பக்கத்தில் பெண்களுக்கே கொடுப்பது. நன்றாகச் சோதித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தவை. பட்டப்பகலில், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக ஏற்றினேன். சாட் ரூமில் வரி விழுந்தது. பவானி. பவானி. பவானி. என் பெயரை அங்கே பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணன் பில் என்று வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

கடைசியும் ஏறி முடிந்ததும் தமிழ்மாறனிடமிருந்து பதில் வந்தது. வேலை போகிறது என்று தெரிந்ததும் ஒரே நாளில் இவ்வளவா, பவானி? இதை மூன்று மாதம் முன்னால் காட்டியிருந்தால் நான் உங்களுக்காகப் பேசியிருப்பேனே. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

இதெல்லாம் பழைய வேலை, இங்கே எல்லார் வேலையையும் ஒரே லாகினில்தான் ஏற்றுவோம், சீட் கோளாறைச் சரிசெய்ததும் நான்தான் என்று எழுதினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது. அப்படியென்றால் சுரேஷ் சொல்லட்டும், எனக்கு ரூமில் வருவது மட்டும்தான் தெரியும்.

சுரேஷ் எனக்கு அடுத்த மேசையில்தான் இருந்தான். அவனும் அதே ரூமில் அதே வரியைப் படித்தான். கை கீபோர்டின் மேல் இருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான். கீழே சாக்கு உதறினார்கள், யாரும் தும்மவில்லை.

"இப்பச் சொன்னா எனக்கும் போயிரும்க்கா" என்றான், என்னைப் பார்க்காமல். "பொண்ணு வீட்ல சென்னைன்னு சொல்லித்தான் பூ வச்சிருக்காக."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். சாட் ரூமில் தமிழ்மாறன் காத்திருந்தார், பிறகு வேறு யாரோ வேறு எதையோ கேட்க அந்த வரிகள் மேலே நகர்ந்து போய்விட்டன.

"அக்கா, டீ சொல்லவா?" என்றான்.

சொல்லச் சொன்னேன். டீ வந்தது, குடித்தேன். பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சீட்டைப் பிடித்துவைக்கிற பகுதி எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் கை வைத்தால் மறுபடி ஒரே சீட் இரண்டு பேருக்குப் போகும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவனுக்காக இல்லை. பஸ் பிடித்து அலைகிறவள் நான், நின்றுகொண்டு போவது எப்படி என்று எனக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது ஐப்பசி. அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிறேன். ஊர் பேசியது, நான் பயந்த அளவுக்கு நீளமாகப் பேசவில்லை, ஒரு மாதத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மாதம் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. சாட் ரூமிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எஸ்.எம்.எஸ்ஸிலிருந்து என் நம்பரை எடுக்க மறந்துவிட்டார்கள் போல. சேவல் இன்னும் கூவுகிறது. தெரியாத பெயர்கள், நடுவில் எப்போதாவது சுரேஷ்கண்ணன். நம்பரை எடுக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, போனை அணைத்து வைக்கவும் மனம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், குழாயில் தண்ணீர் வந்து நான் குடம் வைத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அடித்தது. சுரேஷ்கண்ணன். சீட் பிடிக்கும் கோப்பு. கோடில் மாற்றம் எதுவும் இல்லை, மேலே ஒரு குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறான். அதை அப்படியே சேவல் சொன்னது. இந்தக் கோப்பு பூராவும், சித்திரைக் கோளாறைச் சரிசெய்தது உட்பட, தேனி பவானி அக்கா எழுதியது. அவரைக் கேட்காமல் யாரும் கை வைக்கக்கூடாது.

ரூமில் இருக்கிற எல்லாரும் படித்திருப்பார்கள், தமிழ்மாறனும் படித்திருப்பார். என்ன பதில் எழுதினாரோ, தெரியாது. சர்வரில் ஏறியதை மட்டும்தான் சேவல் சொல்லும். அவன் வேலை நிலைத்திருக்கும், கல்யாணம் முடிந்திருக்கும், இனிச் சொன்னால் யாருக்கும் எதுவும் போகாது. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆறு மாதமாக வராத இரண்டும் அந்தக் குழாயடியில் வந்து சேர்ந்தன.

"யாருத்தா, இந்நேரத்துல?" என்றாள் அம்மா.

"ஆபீசும்மா."

"இன்னுமா ஒன்னயக் கேக்குறாக?"

இல்லை என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கத்தரியை எடுத்துவைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன், தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது.